பாக்கு இல்லாத வீட்டில் சிவப்பு எச்சில்

போர்ட் மோர்ஸ்பி நகரத்தின் கோரோபோ சரிவுக் குடியிருப்பில் ஸ்கோலாவின் குரல் கேட்காமல் யாருக்கும் பொழுது விடிந்தது இல்லை. பஸ் நிறுத்தத்தில் குடையை விரித்து, சாக்கைப் போட்டு, பச்சைப் பாக்கை நாலு நாலாகக் கூட்டி வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"வாங்க வாங்க! நேத்து பொண்டாட்டிகிட்ட அடி வாங்கினவங்களுக்கு முதல் பாக்கு இனாம்!"

வேலைக்குப் போகிற ஆண்கள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். நின்றவன் வாங்காமல் போக மாட்டான். வாங்கியவன் அங்கேயே பாக்கைக் கடித்து உரித்து வாயில் போடுவான். அங்கே வெற்றிலைக்குப் பதில் வெற்றிலைக்கொடியின் நீளக் காய்தான்; அதை அவளுடைய சுண்ணாம்பு டப்பாவில் தொட்டுக் கடிப்பான், மென்றுகொண்டே மறுபடியும் தொடுவான். அடுத்து வருகிறவனும் அதே டப்பாவில்தான் தொடுவான். சுண்ணாம்புக்குக் காசு கிடையாது. சுண்ணாம்புக்கு விலை சொல்கிறவளை அந்த ஊரில் பாக்குக்காரி என்றே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருத்தி டப்பாவில் நீ தொடுகிறாய் என்றால் அவள் வீட்டை நம்புகிறாய் என்று அர்த்தம்.

ஸ்கோலா மலைப்பக்கத்துக்காரி. கல்யாணமான புதிதில் அங்கே இரண்டு குலங்களுக்குள் சண்டை மூண்டு அவர்களுடைய வீடும் காப்பித் தோட்டமும் எரிந்து போயின. மலையிலிருந்து தலைநகரான போர்ட் மோர்ஸ்பிக்கு ரோடு கிடையாது, விமானத்தில்தான் வர வேண்டும். தப்பிப் பிழைத்த ஒரே பன்றியை விற்று அவளும் அவள் புருஷன் தீலுவும் டிக்கெட் எடுத்தார்கள். "வர்றதுக்கு ஒரு பன்னி ஆச்சு. திரும்பிப் போக எத்தனை பன்னி ஆகுமோ," என்று தீலு சொல்லிச் சிரிப்பான். பல வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பன்றியும் சேரவில்லை, பிள்ளையும் தங்கவில்லை. சரிவில் நாலு தகரத்தை நிறுத்தி ஒரு வீடு மட்டும் ஆனது.

தீலு ஓர் இரும்புக் கடைக்குக் காவலாளி. நெட்டையான ஆள். அதிகம் பேச மாட்டான். ஆனால் வாய் சும்மா இருக்காது, எப்போதும் பாக்கு மென்றுகொண்டிருக்கும்.

சில வருஷத்துக்கு முன் அவனுக்கு இருமல் வந்து உடம்பு உருகியது. டி.பி. என்றார்கள். தினமும் காலையில் மருத்துவமனைக்குப் போய் சிஸ்டர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும். கொஞ்ச காலம் போனான். உடம்பு தேறியது. காவல் கம்பெனி மேஸ்திரி, "தினம் காலையில எங்கேயோ போறேன்னு சொல்றவன் எனக்கு வேண்டாம்," என்றான். தீலு மாத்திரையை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்டான். போன வருஷம் இருமல் திரும்பி வந்தது.

"இந்தத் தடவை நடுவுல விட்டேன்னா மாத்திரை உன் பேச்சைக் கேக்காது, பாத்துக்க," என்று சிஸ்டர் விரலை ஆட்டிச் சொன்னாள்.

இந்தத் தடவை விடவே கூடாது என்று ஸ்கோலா முடிவு கட்டினாள். அவனை ராத்திரிக் காவலுக்கு மாற்றிக்கொள்ள வைத்தாள். காலையில் அவனை எழுப்பி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் கடை விரிப்பாள். யாராவது கேட்டால், "பகல்லயும் வேலை குடுத்திருக்காங்க, பெரிய ஆளாயிட்டான்ல," என்பாள். டி.பி. என்ற சொல்லை வீட்டுக்குள்கூட மெதுவாகத்தான் சொல்வாள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் கொனியோவின் வீடு.

கொனியோ கடற்கரைப் பக்கத்துக்காரி, ஸ்கோலாவைவிட மூத்தவள். இருவரும் ஒரே நிறுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். ஒருத்திக்குச் சுண்ணாம்பு தீர்ந்தால் மற்றவள் டப்பாவை நீட்டுவாள். மலைக்காரிக்கும் கடற்கரைக்காரிக்கும் இவ்வளவு ஒட்டுதல் எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு பேர் புருஷனும் ஒண்ணுக்கும் உதவாதவன். அந்த ஒட்டுதல்தான்," என்பாள் கொனியோ.

பிறகு கொரோனா வந்தது. கோரோபோ சரிவுக்கு நோய் முதலில் வரவில்லை, உத்தரவுகள்தான் முதலில் வந்தன. பஸ் ஓடாது என்றார்கள். கடைகள் மூடின. காவல் கம்பெனி, கூப்பிடும்போது வந்தால் போதும் என்றது, பிறகு கூப்பிடவே இல்லை. சரிவு முழுவதற்கும் இருந்த ஒரே குழாயின்மேல் கை கழுவுகிற படம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அந்தத் தண்ணீரைப் பிடிக்க ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். தள்ளி நிற்கச் சொல்லி இன்னொரு படமும் அங்கேயே ஒட்டியிருந்தது.

மருத்துவமனையில் டி.பி. அறையைப் பூட்டினார்கள். சிஸ்டரை விமான நிலையத்தில் வருகிறவர்களைச் சோதிக்கப் போட்டுவிட்டார்கள். போவதற்கு முன் அவள் கையில் இருந்த மாத்திரை அட்டைகளைத் தீலுவின் பையில் திணித்து, "இது தீர்றதுக்குள்ள திறந்துடுவாங்க," என்றாள். மாத்திரை தீர்ந்தது. அறை திறக்கவில்லை. ஸ்கோலா இரண்டு முறை நடந்தே போய்ப் பார்த்தாள். கதவில் சங்கிலி. உள்ளே நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியே பார்த்துவிட்டு நடந்தே திரும்பினாள்.

அதற்குள் பாக்குக்கும் தடை வந்துவிட்டது. பாக்கு எச்சிலைத் துப்பினால் கொரோனா பரவுமாம். துப்புகிறவனைப் பிடிப்பதைவிட விற்கிறவளைப் பிடிப்பது சுலபம். குடைகளைக் கிழித்தார்கள். ஊருக்குள் பாக்கு வருகிற ரோட்டில் போலீஸ் நின்றது.

வேறு என்ன செய்வது? விதை விதைத்துக் கிழங்கு எடுக்கச் சரிவில் மண் இல்லை, கல்தான். ஸ்கோலாவும் கொனியோவும் மேட்டைத் தாண்டி ஆற்றங்கரைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். அங்கே கடற்கரைப் பெண்கள் மூட்டையோடு காத்திருப்பார்கள். ஸ்கோலா பின்னல் பையில் பாக்கைப் போட்டு, மேலே சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பரப்பி, பையின் பிடியை நெற்றியில் மாட்டிக்கொள்வாள். கொனியோ பாக்கைத் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி மார்பில் கட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடிக்கொண்டே வருவாள்.

ஒருநாள் ஒரு போலீஸ்காரன் நிறுத்தினான். "என்னம்மா, குழந்தை சத்தமே போடல?"

"அப்பனைக் கொண்டிருக்கு சார். சோத்துக்கு மட்டும்தான் வாயைத் திறக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே போக விட்டான். அன்று வழி முழுவதும் ஸ்கோலா வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

ஒளித்து விற்பதில் பாதி லாபம், பயத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதில் போகும். மீதியைத் தீலு தின்றான் என்று அவளுக்குக் கோபம். அவன் முன்னெப்போதையும்விட அதிகமாக மென்றான். வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் உட்கார்ந்துகொள்வான். ஒன்று முடிவதற்குள் அடுத்ததை உரிப்பான்.

"ஏய்யா, நீயே தின்னு தீர்த்துட்டா நான் எதை விக்கிறது? உன் பல்லையா?"

"பசி அடங்குதுல்ல."

"பசிக்குக் கிழங்கு தின்னு. அதை விக்க வெச்சாலும் போவாது."

அவன் சிவந்த வாயைத் திறந்து சிரிப்பான். இருமுவான். துப்புவான். சாக்கடை ஓரம் எப்போதும் சிவப்பாகவே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வீணாய்ப் போன சரக்குதான் ஸ்கோலாவின் கண்ணில் பட்டது.

ஒரு நாள் சரிவுக்குள்ளேயே போலீஸ் வண்டி வந்தது. யாரோ காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஸ்கோலாவின் பையைக் கவிழ்த்தார்கள். பச்சைப் பாக்குகள் உருண்டு ஓட, பூட்ஸால் தேடித் தேடி மிதித்தார்கள். கொனியோவின் குழந்தையைப் பிரித்து உதறினார்கள். ஒருவன் ஸ்கோலாவின் சுண்ணாம்பு டப்பாவைக் கூரைமேல் வீசினான். மறுநாளே ஆற்றங்கரைக்குப் போகிற காட்டு வழியிலும் காவல் போட்டார்கள்.

அதன்பின் சரிவு முழுவதும் ஒரு பாக்கு கிடையாது. ஜனங்களுக்குத் தலை வலித்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டார்கள். கிழவர்கள் உலர்ந்த பாக்கு மட்டையைச் சப்பினார்கள்.

அப்படிப்பட்ட ஒரு காலையில் ஸ்கோலா தண்ணீர்க் குடத்தோடு வீட்டுக்குப் பின்பக்கம் வந்தாள். தீலு சாக்கடை ஓரம் குனிந்து துப்பிக்கொண்டிருந்தான். எச்சில் சிவப்பாக இருந்தது.

அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குடத்தைத் தொப்பென்று வைத்தாள்.

"யார் குடுத்தா பாக்கு?"

அவன் திரும்பவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டான்.

"உன்னைத்தான்யா கேக்கறேன். ஊரே ஒத்தைப் பாக்குக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுது. எங்கிட்ட இருந்து திருடி ஒளிச்சு வெச்சிருந்தியா? அன்னைக்கு நான் போலீஸ்காரன் கால்ல விழுந்தேன், நீ உள்ள உக்காந்து மென்னுக்கிட்டு இருந்தியா?"

சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. கொனியோ தகரத்துக்கு மேலே தலையை நீட்டினாள். "அட, தீலுகிட்ட சரக்கு இருக்கா? எனக்கு ஒண்ணு குடு மச்சான், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லல."

எல்லாரும் சிரித்தார்கள். தீலு மெதுவாக எழுந்தான். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தான்.

"ஆமா. ஒளிச்சு வெச்சிருந்தேன். இப்ப தீந்து போச்சு," என்றான்.

"திருட்டுப் பய!" என்று யாரோ கத்த, இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஸ்கோலா அழாத குறையாக வீட்டுக்குள் போனாள். மீதி எங்கேயாவது இருக்கும், எடுத்து இரண்டையாவது விற்கலாம் என்று பாயைப் புரட்டினாள், மூட்டையைக் கொட்டினாள், கூரை இடுக்கில் கை விட்டாள். பாக்கு இல்லை. ஒரு தோல்கூட இல்லை. பாய்க்கடியில், தரைப் பலகையின் சந்தில், சுருட்டி வைத்த பழந்துணிகள் இருந்தன. அவனுடைய காவல் சட்டையைக் கிழித்த துணிகள். உலர்ந்து, பழுப்பேறி, மட்டை போல விறைத்திருந்தன.

அவள் வெளியே போய் சாக்கடை ஓரம் குந்தினாள். அவன் துப்பியது இன்னும் காயவில்லை. பாக்கு எச்சில் என்றால் நார் கிடக்கும், சுண்ணாம்பு மணக்கும். இதில் நுரைதான் இருந்தது.

தீலு பின்னால் வந்து நின்றான்.

"எப்பலேருந்து?" என்றாள், திரும்பாமலே.

"மாத்திரை தீந்ததுக்கு அப்புறம்."

"அப்ப அவ்வளவு பாக்கு தின்னது?"

"வாய் சிவப்பா இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கல்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? கதவுல சங்கிலி போட்டிருக்கு. உன் டப்பாவுல எவன் தொடுவான்?" அவன் மூச்சு வாங்கினான். "நீ திட்டினது நல்லதாப் போச்சு புள்ள. இல்லேன்னா அவங்களுக்கும் சந்தேகம் வந்திருக்கும்."

அவனைத் திட்டிய வாயை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து மண்ணைக் காலால் தள்ளி அந்தச் சிவப்பை மூடினாள். பிறகு அவனுடைய இன்னொரு சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "போடு. நடக்க முடியுமா?"

நடந்தே போனார்கள். அவன் நாலு மின் கம்பத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தான். மருத்துவமனை வாசலில் பெரிய வரிசை. ஊரில் வேறு எல்லா இடமும் மூடிக் கிடந்ததால் காய்ச்சல், பிரசவம், வெட்டுக்காயம் எல்லாம் இங்கேதான். கோரோபோ சரிவு ஆட்களே பாதிப் பேர் நின்றார்கள். தலையைத் தலையை ஆட்டி ஸ்கோலாவை விசாரித்தார்கள். "என்னாச்சு மலைக்காரி? திருடனைக் கூட்டிட்டு வந்திருக்க?" காலையில் நடந்த சண்டை அவர்களுக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்திருந்தது.

இருமுகிறான் என்று தீலுவைக் கூடாரத்துக்குள் கூட்டிப் போனார்கள். மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து ஓர் இளம் நர்ஸ் வந்தாள். முகமூடியும் கண்ணாடியும் போட்டு, வியர்வையில் நனைந்து போயிருந்தாள்.

"கொரோனா இல்ல. வீட்டுக்குப் போகலாம்."

"சிஸ்டர், இவருக்கு டி.பி.," என்று ஸ்கோலா அவள் காதோடு சொன்னாள். "மாத்திரை நின்னு போச்சு. ரத்தம் வருது."

"டி.பி. ரூம் திறந்ததும் வாங்க."

"எப்பத் திறப்பாங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. எல்லாரையும் இதுல போட்டுட்டாங்க."

"ரத்தம் சிஸ்டர். ரத்தம் துப்பறாரு."

நர்ஸ் ஸ்கோலாவின் வாயைப் பார்த்தாள். பல வருஷமாகக் கறை ஏறிய பற்கள். தீலுவின் வாயைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் எவ்வளவு பாக்கு தின்னுருக்கீங்கன்னு பல்லே சொல்லுது. தடை போட்டும் திங்கறீங்க, கண்ட இடத்துல துப்பறீங்க, அப்புறம் ரத்தம்னு சொல்லி எங்க உயிரை வாங்கறீங்க."

"வீட்டுல பாக்கே இல்ல சிஸ்டர். சத்தியமா இல்ல."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவன், "பொய் சொல்லாத! காலையிலதானே அவனே ஒத்துக்கிட்டான்!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. அவன் கெட்டவன் இல்லை. தினமும் ஸ்கோலாவிடம் பாக்கு வாங்குகிறவன்தான். விளையாட்டாகச் சொன்னான். நர்ஸ் கையை உதறிவிட்டு நகர்ந்தாள்.

ஸ்கோலா வரிசையைப் பார்த்தாள். எல்லாரும் அவள் டப்பாவில் தொட்டவர்கள். தடை என்றைக்காவது நீங்கும், அன்றைக்கு இவர்கள்தான் வர வேண்டும். வாயை மூடிக்கொண்டு தீலுவைக் கூட்டிப் போனால் வருவார்கள். தீலுவுக்கு அவள் நினைப்பது புரிந்துவிட்டது. அவள் முழங்கையைப் பிடித்தான். "வேண்டாம் புள்ள. போலாம்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் பாக்கு கூவுகிற அதே குரலில் கத்தினாள்.

"என் புருஷனுக்கு டி.பி.! ரெண்டாவது தடவை வந்திருக்கு! நெஞ்சிலேருந்து ரத்தம் வருது, பாக்கு எச்சில் இல்ல! காலையில அவன் சொன்னது பொய். உங்களுக்குப் பயந்துக்கிட்டு சொன்னான். உங்களோட ஒரே குழாயில தண்ணி பிடிக்கறோம், ஒரே நிறுத்தத்துல உக்கார்றோம். இவனைத் திருப்பி அனுப்பினா உங்களோடதான் திரும்பி வருவான், பாத்துக்கங்க!"

யாரும் சிரிக்கவில்லை. நெருக்கியடித்து நின்ற வரிசை, எத்தனை படம் ஒட்டியும் விலகாத வரிசை, ஒரே நொடியில் விலகியது. ஒரு தாய் தன் குழந்தையின் முகத்தை மேல்துணியால் மூடினாள். தீலுவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் துப்பினான். கையை எங்கே கொண்டு போவது என்று தெரியாமல் விரித்தபடி நின்றான். எல்லாரும் பார்த்தார்கள்.

"உள்ள கொண்டு போங்க அவனை! எங்களைச் சாகடிக்கவா?" என்று வரிசை முழுவதும் கூச்சல் போட்டது. கூச்சல் கேட்டு ஒரு டாக்டர் வெளியே வந்தார். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இந்த வேகம் அவர்களிடம் இத்தனை நேரம் எங்கே இருந்தது என்று ஸ்கோலா நினைத்தாள். சளியை எடுத்து அனுப்பினார்கள். பழைய மாத்திரை இனி கேட்காது, வேறு மாத்திரை, ரொம்ப நாள் போட வேண்டும் என்றார்கள். கொஞ்ச காலம் தனியாக வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை மாத்திரை கொடுக்க ஓர் ஆள் சரிவுக்கே வருவான், ராத்திரி மாத்திரையை ஸ்கோலா கொடுக்க வேண்டும் என்றார்கள்.

வந்தான். முகமூடி, கையுறை, நீல அங்கியோடு அவன் ஸ்கோலாவின் வீட்டுக்கு மட்டும் வந்து போனதைச் சரிவு முழுவதும் நின்று பார்த்தது. பாயில் கிடந்த தீலு, அவன் வரும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்ப்பான். ஆனால் அவன் உடம்பு தேறியது. மெதுவாக, பயந்து பயந்து தேறியது. இருமல் குறைந்தது. எச்சில் வெளுத்தது.

தடை நீங்கிய அன்று ஊரே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நிறுத்தத்தில் குடைகள் பூத்தன. ஸ்கோலா புதுச் சாக்கை விரித்தாள், புது டப்பாவில் புதுச் சுண்ணாம்பு. "வாங்க வாங்க!" என்று கூவினாள். குரல் பழையபடிதான் இருந்தது. ஒருவன் வேகமாக வந்து பாக்கில் கை வைத்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். பாக்கை அது இருந்த இடத்திலேயே, கூறு கலையாமல், திரும்ப வைத்தான். பக்கத்தில் கொனியோவிடம் வாங்கினான்.

அன்று முழுவதும் அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான். மூன்றாவது நாள் கொனியோவின் குடை சற்றுத் தள்ளி இருந்தது.

"ஏன்க்கா, இங்க வெயிலா?"

கொனியோ பாக்கைக் கூட்டி வைத்துக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்க்கவில்லை. "உன் மேல கோவம் இல்லடி ஸ்கோலா. உன் பக்கத்துல உக்காந்தா என்கிட்டயும் நிக்க மாட்டேங்கறாங்க. எனக்கும் நாலு வாய் இருக்கு."

"நீ என் டப்பாவுல எத்தனை வருஷம் தொட்டிருக்க. உனக்கு என்ன ஆச்சு?"

"ஆகல. ஆகியிருந்தா?" கொனியோ இப்போதுதான் நிமிர்ந்தாள். "நீ தெரிஞ்சே மறைச்சு வெச்சிருந்தியே, ஒரு வார்த்தை சொன்னியா? என் பேரன் உன் மடியிலதானே கிடப்பான்."

ஸ்கோலா தன் சாக்குக்குத் திரும்பினாள். பாக்கு மூன்று நாளில் பழுத்துத் தோல் கறுத்தது. பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"வித்துச்சா?" என்றான் தீலு.

"ம்."

"பொய் சொல்லாத. நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். நான் போயிருப்பேன், நீயாவது பொழைச்சிருப்ப."

"பேசாம மாத்திரையைப் போடு."

மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டியது. அவனுக்குச் சோறு வேண்டும், மீன் வேண்டும் என்று மாத்திரை கொண்டு வருகிறவன் ஒவ்வொரு தடவையும் சொன்னான். எங்கிருந்து வரும் என்று அவன் சொல்லவில்லை. தீலுவைக் காவல் கம்பெனி வாசலிலேயே நிறுத்தித் திருப்பிவிட்டது. சமையல் இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. குமட்டலுக்குப் பயந்து தீலு ஒருநாள் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிப் பிறகு துப்பியதை ஸ்கோலா பார்த்துவிட்டாள். அன்று முடிவு செய்தாள்.

ஊரின் அந்தக் கோடியில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. கோரோபோ சரிவு ஆட்கள் அங்கே போவதில்லை. விடிவதற்கு முன் கிளம்பி, பையை நெற்றியில் மாட்டிக்கொண்டு அங்கே போனாள். அங்கே விற்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் போயோ என்கிற பருத்த பெண். புதிதாக வருகிறவளை விசாரிக்காமல் சாக்கு விரிக்க விட மாட்டாள்.

"எந்தப் பக்கம் நீ?"

"மலை."

"அது மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இங்க எங்க இருக்க?"

ஸ்கோலா தூரத்து உறவினர் இருக்கிற ஒரு குடியிருப்பின் பெயரைச் சொன்னாள்.

"வீட்டுல யாருக்காவது இருமல் கிருமல்? இப்பல்லாம் கேட்டுக்கணும், தப்பா நினைக்காத. ஒருத்தி டப்பாவுல எல்லாரும் தொடறோம்."

"இல்ல."

"புருஷன் என்ன பண்றான்?"

காவலாளி என்று சொல்ல வாயெடுத்தாள். எந்தக் கம்பெனி என்பாள். ஏன் வேலை இல்லை என்பாள். ஒருநாள் பார்க்க வருகிறேன் என்பாள்.

"புருஷன் இல்ல," என்றாள் ஸ்கோலா.

"விட்டுட்டுப் போயிட்டானா?"

"செத்துட்டாரு. மலையில, சண்டையில. போன மாசம்."

போயோவின் முகம் மாறியது. "ஐயோ, பாவி மகளே! துக்கத்தையா தூக்கிக்கிட்டு வந்த!" என்று அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மற்ற பெண்கள் பாக்கை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். புருஷன் செத்தவளைத் தனியே அழ விடுவது அந்த ஊர்ப் பழக்கத்தில் இல்லை. ஸ்கோலாவைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பெயர் கேட்டாள். "தீலு," என்றாள் ஸ்கோலா. அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி நீட்டி நீட்டி அழுதார்கள். தீலு, எங்க போன தீலு, உன் பொண்டாட்டியை யார்கிட்ட விட்டுட்டுப் போன தீலு என்று, பார்த்தே இராத பெண்கள் அழுதார்கள். ஸ்கோலாவும் அழ வேண்டியிருந்தது. முதலில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை.

யாரோ துக்கத்துக்குக் கறுப்புத் துணி ஒன்றை அவள் தலையில் கட்டினார்கள். அவளுக்கு இடம் விட்டுக் குடைகளை ஒதுக்கினார்கள். போயோ தன் சுண்ணாம்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அன்றைக்குச் சரக்கு எல்லாம் விற்றது. மறுநாள் பெண்கள் துக்க வீட்டுக்குக் கொடுப்பது போல ஆளுக்கொன்று கொண்டு வந்தார்கள். ஒரு பை அரிசி, டின் மீன், வாழைக்குலை, சர்க்கரை, சோப்பு. பை கனத்து ஸ்கோலாவின் கழுத்தை இழுத்தது. சரிவுக்குள் நுழைவதற்கு முன் ஒரு மரத்தடியில் நின்று கறுப்புத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சோறு வடித்தாள். டின் மீனைத் தேங்காய்ப் பாலில் கொதிக்க வைத்து மேலே ஊற்றினாள். தீலு எழுந்து உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான். வெகுநாளைக்குப் பிறகு குனிந்த தலை நிமிராமல் தின்றான். பாதித் தட்டு முடிந்த பிறகுதான் மூலையில் இருந்த வாழைக்குலையைப் பார்த்தான்.

"இவ்வளவும் விலைக்கா வாங்கின?"

"இல்ல. கூட உக்கார்ற பொம்பளைங்க குடுத்தாங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். புதுசா வந்திருக்கேன்ல."

தீலு வாயில் சோறோடு தலையாட்டினான். "நம்ம சரிவு ஜனங்க மாதிரி இல்ல. நல்லவங்கதான் போல," என்றான். "என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"நல்லா இருக்காருன்னு சொன்னேன்."

அவனுக்கு அது பிடித்திருந்தது. மாத்திரையை அவள் நீட்டுவதற்கு முன்பே கையை நீட்டி வாங்கி, தண்ணீர் குடித்து விழுங்கினான். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டைத் தள்ளினான்.